வீட்டிலிருந்து செய்யும் தொழில் வாய்ப்பு: பணம் கட்டும் முன் எழும் கேள்விகள்

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று அழைப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் நல்ல வாய்ப்பும் கெட்ட வாய்ப்பும் ஒரே மாதிரி விளம்பரத்தோடு, ஒரே மாதிரி இனிப்பான பேச்சோடுதான் வருகின்றன. இங்கே இருப்பவை பணம் கட்டுவதா வேண்டாமா என்று யோசித்து நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள். கடைசிக் கேள்வி ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு. அவசரம் என்றால் நேராக அங்கே போங்கள்.

ஒரு வாய்ப்பு உண்மையானதா என்று முதலில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இணையதளம் எப்படி இருக்கிறது, பேசியவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினார், என்ன சான்றிதழ் காட்டினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்களுக்கு வரப்போகும் காசைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் நிற்க வேண்டும். அவர் ஒரு பொருளையோ சேவையையோ தன் தேவைக்காக வாங்கியவராக இருக்க வேண்டும். இதே திட்டத்தில் சேர்ந்தவராகவோ, சேர ஆசைப்படுபவராகவோ இருக்கக் கூடாது.

ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதி நிரப்பிப் பாருங்கள்: "இன்னாருக்கு இன்னது தேவை. அதற்காக அவர் இவ்வளவு கொடுக்கிறார். அதில் எனக்கு இவ்வளவு வருகிறது, ஏனென்றால் நான் இந்த வேலையைச் செய்கிறேன்." துணி திருத்தித் தருபவர், கணக்கு எழுதிக் கொடுப்பவர், மொழிபெயர்ப்பவர், பாடம் சொல்லித் தருபவர் எல்லாரும் இதை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். "கம்பெனிக்கு விளம்பர வருமானம் வருகிறது", "வெளிநாட்டில் டிரேடிங் செய்கிறார்கள்", "அது உங்களுக்குப் புரியாது, நம்பிச் செய்யுங்கள்" என்றுதான் முதல் இடத்தை நிரப்ப முடிகிறது என்றால், அந்த இடத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் உங்கள் பணமும் உங்களுக்குப் பின்னால் சேர்பவர்களின் பணமும்தான்.

சேர முன்பணம் கேட்டாலே மோசடி என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேலை என்று சொல்லி அழைத்தால், ஆம். வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் வாங்குவதில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், "பிறகு திருப்பித் தருவோம்" என்ற காப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தொகை சிறியது என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆயிரம் பேரிடம் சிறு தொகை வாங்குவதுதான் அவர்கள் தொழிலே. தொகை சின்னதாக இருந்தால் போலீசுக்குப் போக யாருக்கும் மனம் வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தொழில் என்று சொல்லி அழைத்தால் கதை வேறு. தொழிலுக்கு முதல் போட வேண்டியிருப்பது இயல்பு. அங்கே கேட்க வேண்டியது, அந்தப் பணத்துக்கு ஈடாக உங்கள் கையில் என்ன வருகிறது, நாளை தொழிலை விட்டால் அதை எவ்வளவுக்கு விற்க முடியும் என்பதுதான். தையல் இயந்திரம் வாங்கினால் இயந்திரம் மிஞ்சும். பிராஞ்சைஸ் எடுத்தால் பெயரும் செய்முறையும் கிடைக்கும். அதற்கு என்ன மதிப்பு என்று விசாரிக்கலாம். "உறுப்பினர் தகுதி", "டிஸ்ட்ரிபியூட்டர் ஐடி", "கோல்டு நிலை" என்பவற்றுக்குக் கொடுத்த பணத்துக்கு மிஞ்சுவது திரையில் தெரியும் ஒரு பெயர் மட்டும்.

டைப்பிங் வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று ஒப்பந்தம் அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு ஒப்பந்தத்தைப் படியுங்கள். இந்த வகை ஒப்பந்தம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: 7 நாளில் 1,200 பக்கம். பக்கத்துக்குச் சுமார் 2,000 எழுத்துகள். 98 சதவீதத் துல்லியம் தேவை. முடிக்காவிட்டால் "சாப்ட்வேர் பராமரிப்புச் செலவு" என்று ஒரு பெரிய தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் அடிப்பவர் ஏறக்குறைய 150 எழுத்து அடிக்கிறார். அப்படியானால் ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். 1,200 பக்கத்துக்கு 16,000 நிமிடம், அதாவது 266 மணி நேரத்துக்கும் அதிகம். ஏழு நாளில் இருப்பதே 168 மணி நேரம். உண்ணாமல் உறங்காமல் அடித்தாலும் முடியாது. முடிக்க முடியாதபடி வேண்டுமென்றே போட்ட கணக்கு அது.

வேகமாக அடிப்பவரும் தப்பிக்க முடியாதபடி இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும். அடிக்கக் கொடுக்கும் பக்கங்கள் மங்கலான படங்களாக இருக்கும். பூஜ்ஜியமா ஆங்கில 'ஓ'வா, ஒன்றா 'எல்'லா என்று தெரியாது. துல்லியத்தைச் சோதிப்பதும் அவர்களே, எத்தனை தவறு என்று சொல்வதும் அவர்களே. "தேறவில்லை" என்று ஒரு மின்னஞ்சல், அதன் பின்னால் வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒரு கடிதம், நாளைக்குள் கட்டாவிட்டால் வழக்கு என்று தொலைபேசி மிரட்டல். பலர் பயந்துபோய் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பயம்தான் இந்தத் தொழிலின் வருமானம்.

அப்படி ஒரு மிரட்டல் வந்திருந்தால் பணம் அனுப்பாதீர்கள், தொலைபேசியில் வாதாடாதீர்கள், சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான நீதிமன்ற ஆணை நீதிமன்றத்தின் வழியாக வரும். வழக்கு எண் இருக்கும். அதை நீதிமன்றத்திலேயே கேட்டுச் சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் முத்திரையோடு வரும் படத்தை மட்டும் வைத்து அதை ஆணை என்று நம்பிவிட வேண்டாம். கையில் வந்த எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நேர்மையான தட்டச்சு வேலைகளும் இருக்கின்றன. அவற்றில் முதலில் ஓரிரு பக்கம் மாதிரி கேட்பார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள், தவறு இருந்தால் திருத்தச் சொல்வார்கள் அல்லது அந்தப் பக்கத்துக்குக் கூலி தர மாட்டார்கள். முடிக்காதவரிடம் அபராதம் வசூலிப்பதில்லை.

வீடியோவுக்கு லைக் போட்டால், ஓட்டலுக்கு ரேட்டிங் கொடுத்தால் பணம் என்கிறார்கள். முதல் நாள் பணம் வந்தும் விட்டது!

அந்த முதல் பணம் தூண்டிலில் மாட்டிய புழு. இது நடக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே புலப்படும். முதலில் எளிய வேலைகள், சிறு தொகை உடனே வரும். அடுத்து உங்களை டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ப்பார்கள். அங்கே "எனக்கு வந்துவிட்டது" என்று திரையைப் படம் பிடித்துப் போடுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவர்கள் ஆட்களே. மூன்றாவதாக "பிரீபெய்டு டாஸ்க்" வரும். நீங்கள் முதலில் கட்டினால் கூடுதலாகத் திரும்பும். ஒருமுறை திரும்பவும் செய்யும். பிறகு "காம்போ டாஸ்க்" என்று ஒன்று வந்து உங்கள் கணக்கில் மைனஸ் காட்டும். அதை நிரப்பினால்தான் மொத்தமும் எடுக்கலாம். நிரப்பியதும் வரி, அதற்குப் பிறகு கணக்கை விடுவிக்கும் கட்டணம், அதற்குப் பிறகு இன்னொன்று.

திரையில் தெரியும் இருப்பு வெறும் எண். அதை அவர்கள் விசைப்பலகையில் அடித்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை எடுக்கப் புதிதாகப் பணம் கட்டச் சொன்னால், அந்தப் பணம் அங்கே இல்லை. நிஜமான வரியோ கட்டணமோ இருந்தால் வரவேண்டிய தொகையிலேயே கழித்துக்கொள்ள முடியுமே. முன்பு போட்டதை மீட்கலாம் என்று மேலும் போடுவதுதான் இழப்பைப் பெரிதாக்குகிறது. எந்தப் படியில் இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

இயந்திரத்தை வாங்கினால், செய்யும் பொருள் முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்களே?

காகிதக் கோப்பை, பை, மெழுகுவர்த்தி, பேனா என்று பொருள் மாறும், அமைப்பு ஒன்றுதான். இதில் நேர்மையானவர்களும் உண்டு என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கெட்ட வகையில் லாபம் முழுவதும் இயந்திரத்தின் விலையில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் விலையைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு இயந்திரத்தை விற்றுவிடுவார்கள். அதன் பிறகு பொருளைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. முதல் இரண்டு லோடு எடுப்பார்கள், ஏனென்றால் அது அடுத்தவருக்குக் காட்ட வேண்டிய சாட்சி. மூன்றாவது லோடில் "தரம் சரியில்லை" ஆரம்பிக்கும். ஓரம் சீராக இல்லை, எடை குறைவு, நிறம் மாறியிருக்கிறது. மூலப்பொருளும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அதன் விலையும் மெல்ல ஏறும்.

சோதிக்கும் முறை இது. அதே மாடல் இயந்திரத்துக்கு, அவர்களோடு தொடர்பில்லாத மூன்று விற்பனையாளர்களிடம் விலை கேளுங்கள். மூலப்பொருளுக்கும் அப்படியே. அவர்கள் வாங்கிய பொருளை யாருக்கு விற்கிறார்கள் என்று கேட்டு, அந்தக் கடைக்கோ நிறுவனத்துக்கோ நீங்களே போய் விசாரியுங்கள். ஏற்பு விதிகளை எண்ணில் எழுதி வாங்குங்கள்: எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கிராம், கூடுதல் குறைவு எவ்வளவு வரை ஏற்கப்படும், சோதனை எங்கே நடக்கும், அப்போது நீங்கள் உடனிருக்கலாமா, நிராகரித்ததைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும். "நல்ல தரமாக இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது விதியே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அவர்கள் திரும்ப வாங்காமல் போனால், அந்தப் பொருளை நீங்களே வெளியில் விற்க முடியுமா? வாங்குவதற்கு முன்பே சந்தையிலிருந்து அதே பொருள் ஐம்பது வாங்கி, அக்கம்பக்கத்துக் கடைகளில் விற்றுப் பாருங்கள். விற்கிறது என்றால் அவர்கள் ஒப்பந்தம் உங்களுக்கு ஒரு கூடுதல் வசதி. விற்கவில்லை என்றால் உங்கள் முழுத் தொழிலும் ஒருவருடைய வாக்கில் தொங்குகிறது.

நேரடி விற்பனைக்கும் பிரமிடுக்கும் என்ன வித்தியாசம்? பொருள் இருக்கிறதே, பிறகு எப்படி மோசடி ஆகும்?

பிரமிடு என்பது பொருளை விற்பதைவிடப் புதிய ஆட்களைச் சேர்ப்பதிலிருந்தே பணம் வரும் திட்டம். பொருள் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பொருளை, திட்டத்தில் சேரும் எண்ணமே இல்லாதவர், அதே விலை கொடுத்து, இரண்டாவது முறையும் வாங்குகிறாரா என்பதுதான் எல்லை. வாங்குகிறார் என்றால் அது விற்பனை. சேர்ந்தவர்கள் மட்டுமே, தங்கள் நிலையைத் தக்கவைத்துக்கொள்ள மாதாமாதம் வாங்குகிறார்கள் என்றால், பொருள் என்பது நுழைவுக் கட்டணத்தின் மேல் சுற்றிய காகிதம்.

ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க எளிதுதான். முதல் அடுக்கில் 6, அடுத்து 36, 216, 1,296. பத்தாவது அடுக்கில் ஆறு கோடியைத் தாண்டிவிடும். பன்னிரண்டாவதில் 217 கோடி. பதின்மூன்றாவதில் 1,306 கோடி. உலகத்தில் அத்தனை மனிதர்களே இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நன்கு வளர்ந்துவிட்ட இந்த அமைப்பை எந்த அடுக்கில் நிறுத்தினாலும் நூற்றில் 83 பேர் கடைசி அடுக்கில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. கடைசி இரண்டு அடுக்கைச் சேர்த்தால் 97 பேர். "உழைத்தவர் ஜெயித்தார், சோம்பேறி தோற்றார்" என்று மேடையில் சொல்வார்கள். எல்லாரும் ஒரே மாதிரி உழைத்தாலும் அந்த 83 பேர் அங்கேதான் இருப்பார்கள். இது கணக்கு, யாருடைய உழைப்பின் குறையும் இல்லை. தோற்றவர்கள் தங்களையே நொந்துகொண்டு வாயை மூடிக்கொள்வதால்தான் இது தொடர்ந்து நடக்கிறது.

1979-ல், வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன், ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கில், அது பிரமிடு திட்டம் அல்ல என்று முடிவு செய்தது. அப்போது கணக்கில் எடுக்கப்பட்டவற்றில் அந்நிறுவனத்தின் மூன்று விதிகள் முக்கியமானவை: ஒரு மாதத்தில் வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றால்தான் அதற்கான முழு போனஸ்; மாதம் குறைந்தது பத்துச் சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றால்தான் போனஸ்; விற்காத சரக்கை விலகும்போது திரும்ப எடுத்துக்கொள்வது. உங்களை அழைப்பவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். விதி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது நடப்பதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் விதியால் உங்களுக்குப் பயன் இல்லை.

பொருளே இல்லாமல் "பணம் போடுங்கள், பெருகும்" என்பது இன்னொரு வகை. 1920-ல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். புதிதாக வந்தவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே எல்லாம் சரிந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் மாறியிருப்பது திரையில் வரும் வரைபடம் மட்டும்தான்.

மாதம் இவ்வளவு வருமானம் என்று ஆதாரத்தோடு காட்டுகிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

ஒருவருடைய வங்கிப் பக்கத்தின் படம் ஆதாரம் ஆகாது. கேட்க வேண்டியவை வேறு. கடந்த ஓராண்டில் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? காட்டிய தொகை செலவு போன பிறகா, போவதற்கு முன்பா? வரிசையில் நடுவில் இருப்பவர் எவ்வளவு சம்பாதிக்கிறார்?

"சராசரி" என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். பத்துப் பேரில் ஒருவர் 91 சம்பாதித்து, மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கு 1 சம்பாதித்தால் சராசரி 10. அந்தப் பத்தை யாருமே சம்பாதிக்கவில்லை. நடுவில் இருப்பவரின் வருமானம் 1. பொய் சொல்லாமலே ஏமாற்ற இந்த ஒரு எண் போதும்.

அமெரிக்காவில் 2012 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதி ஒன்றைப் பாருங்கள். இப்படிப்பட்ட வாய்ப்பை விற்பவர், பணம் வாங்குவதற்கோ கையெழுத்து வாங்குவதற்கோ குறைந்தது ஏழு நாள் முன்பு ஒரு பக்க விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். தான் யார், வருமானம் பற்றி என்ன சொல்கிறார், தன்மேல் என்ன வழக்குகள், பணத்தைத் திருப்பித் தரும் விதி என்ன, முன்பு வாங்கியவர்கள் யார் யார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்; ஏழு நாள் அவகாசமும் கேளுங்கள். நேர்மையானவர் சற்று முனகினாலும் தருவார். "இன்று இரவுக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்" என்பவர் உங்களை யோசிக்கவிடாமல் செய்யத்தான் அப்படிச் சொல்கிறார்.

நிறுவனம் பதிவு பெற்றது, சான்றிதழும் இருக்கிறது. போதாதா?

போதாது. நிறுவனத்தைப் பதிவு செய்வது என்பது பெயரும் முகவரியும் கொடுத்து எண் வாங்குவது. அந்த நிறுவனம் செய்வது நேர்மையான தொழில் என்று அரசு உறுதி தந்ததாக அதற்குப் பொருள் இல்லை. வேறொரு நிறுவனத்தின் எண்ணைத் திருடி ஒட்டுவதும் சகஜம்.

நிறுவனப் பதிவாளர் தளத்தில் எண்ணை நீங்களே தேடி, எப்போது தொடங்கியது, இயக்குநர்கள் யார், அவர்கள் பெயரில் மூடப்பட்ட வேறு நிறுவனங்கள் உண்டா என்று பாருங்கள். இணையதளத்தின் டொமைன், அதாவது அதன் முகவரிப் பெயர், பதிவான தேதியை ஹூயிஸ் (Whois) என்ற இணையத் தேடலில் பாருங்கள். "இருபது ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். "மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" படத்தைப் படத்தேடலில் போட்டால் வேறு பத்துத் தளங்களில் வேறு பெயரில் சிரிப்பார். விளம்பரத்தின் ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் இருந்தால், மற்றது எதையும் பார்க்கத் தேவையில்லை.

ஏற்கெனவே செய்பவர்களிடம் பேசினேன். எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள்.

எண்ணைக் கொடுத்தது யார்? விற்பவர் கொடுத்த எண்ணில் பேசுபவர், பாராட்டுவதற்காகவே கூலி வாங்குபவராக இருக்கலாம். புதிய ஆளைச் சேர்த்தால் கமிஷன் பெறுபவராகவும் இருக்கலாம். நீங்களே தேடிக் கண்டுபிடித்த இருவரிடம் பேசுங்கள். விட்டு விலகிய ஒருவரிடமாவது பேசுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் யாரும் நல்லா இருக்கு என்பார்கள். போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், கடைசியாக யாருக்கு விற்றீர்கள், போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பியது, எது எதிர்பார்க்காத செலவு என்று கேளுங்கள். நிஜமாகச் செய்பவருக்கு அலுப்பும் குறையும் சொல்ல இருக்கும்.

கணக்கு எப்படிப் போடுவது? இது நேர்மையான வாய்ப்புதான், ஆனால் எனக்குக் கட்டுப்படியாகுமா?

இதுதான் பலர் கேட்க மறக்கும் கேள்வி. மோசடியே இல்லாத தொழிலிலும் கை சுட்டுக்கொள்ளலாம்.

கையால் செய்து விற்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். விற்கும் விலை 100. உங்கள் ஊர் நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். மூலப்பொருள் 38, பேக்கிங் 6, அனுப்பும் செலவு 12, பணப் பரிமாற்றக் கட்டணம் 3, திரும்பி வருவதற்கும் உடைவதற்கும் ஒதுக்க வேண்டியது 5. மொத்தம் 64. மிஞ்சுவது 36. "பாதிக்குப் பாதி லாபம்" என்று விளம்பரத்தில் போடுபவர்கள் மூலப்பொருளை மட்டும் கழித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

மாதாந்திர நிலைச்செலவு, அதாவது இணையம், விளம்பரம், கருவித் தேய்மானம், சந்தா எல்லாம் சேர்ந்து 1,800 என்றால், 50 பொருள் விற்ற பிறகுதான் முதல் காசு உங்களுடையது. மாதம் 80 விற்றால் மிஞ்சுவது முப்பது பொருளின் லாபம், 1,080. இப்போது நேரத்தை வையுங்கள். ஒன்றைச் செய்ய 24 நிமிடம். படம் எடுக்க, பதில் சொல்ல, கட்டி அனுப்ப இன்னொரு 24 நிமிடம். இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. ஆக 80 பொருளுக்கு 64 மணி நேரம். மணிக்குக் கிடைப்பது 17-க்கும் கொஞ்சம் குறைவு. வெளியே போய் வேலை செய்தால் மணிக்கு எவ்வளவு வரும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எண் மோசமாக வந்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. இங்கே விலையை 115 ஆக்க முடிந்தால், பரிமாற்றக் கட்டணம் சில பைசா ஏறினாலும், பொருளுக்கு 50 அளவில் நிற்கும். நிலைச்செலவு ஏறக்குறைய 36 பொருளிலேயே கழிந்துவிடும். அனுப்பும் செலவை வாங்குபவரே ஏற்றாலும் கிட்டத்தட்ட அதே பலன். எந்த எண்ணை அசைத்தால் பலன் கூடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

முதல் எவ்வளவு போடலாம் என்றால், முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு நிற்காத அளவு. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ சோதித்துப் பார்க்காதீர்கள். கருவி வாங்குவதற்கு முன்பே, இரவல் கருவியில் செய்து, சொந்தக்காரர் அல்லாத மூன்று பேரிடம் காசு வாங்கி விற்றுப் பாருங்கள்.

வீட்டில் தொழில் செய்ய அனுமதி வேண்டுமா?

பெரும்பாலும் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும். உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம், வரிப் பதிவு, உணவு அல்லது உடலில் பூசும் பொருள் என்றால் தனி உரிமம் ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வீட்டுக் காப்பீடு தொழில் சரக்கையும் காக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்; பல பாலிசிகளில் அது சேராது.

"உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்கிறார்கள்.

வேண்டாம். அது வேறொருவரிடம் திருடிய பணம். உங்கள் கணக்கு அதைக் கழுவும் குழாய். போலீஸ் தேடி வரும்போது முதலில் கிடைப்பது உங்கள் பெயரும் முகவரியும்தான். தெரியாமல் செய்தேன் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வீட்டுக்குப் பார்சல் வரும், வேறு முகவரி ஒட்டி அனுப்புங்கள் என்பதும் இதன் அண்ணன் தம்பி. காசோலை அனுப்பி, "கூடுதலாக எழுதிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பதும் அப்படியே. காசோலைத் தொகை கணக்கில் தெரிந்த பிறகும் அது போலி என்று வங்கி பல நாள் கழித்துத் திருப்பி எடுக்கலாம். நீங்கள் அனுப்பிய மீதி உங்கள் சொந்தக் காசு.

நெருங்கிய உறவினர் அழைக்கிறார். எப்படி மறுப்பது?

அவர் உங்களை ஏமாற்ற வரவில்லை. பெரும்பாலும் அவரே நம்பிப் போட்டிருக்கிறார். அதனால் நிறுவனத்தைத் திட்டினால் அவரைத் திட்டுவது போல் ஆகிவிடும். "பணம் போட்டுச் சேரும் எதிலும் சேருவதில்லை என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம்" என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பயிற்சியில் பதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உதவ விரும்பினால், கட்டிய தொகை, வந்த தொகை, போக்குவரத்து, கூட்டச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத அவரோடு உட்காருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் மேலும் கட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த நிமிடமே வங்கிக்கு, அட்டையின் பின்புறம் அல்லது பாஸ்புக்கில் இருக்கும் எண்ணில் பேசுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் எண் வேண்டாம். பரிமாற்ற எண்ணைச் சொல்லி, மோசடி என்று பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீளும். அதனால் மணிக்கணக்கு கூட முக்கியம். அட்டையில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய தொகையை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை, கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

சாட் உரையாடலை அழிக்காதீர்கள். குழுவிலிருந்து வெளியேறும் முன் பேச்சு, எண்கள், பயனர் பெயர்கள், கணக்கு விவரம், ஒப்பந்தம், தளத்தின் முகவரி எல்லாவற்றையும் படம் பிடித்து, தேதி வரிசையில் ஒரே இடத்தில் சேமியுங்கள். கோபத்தில் அவர்களைத் திட்டிவிட்டுப் பிறகு சேமிக்கப் போனால் அவர்கள் இரு பக்கத்துச் செய்தியையும் அழித்திருப்பார்கள். அடையாள ஆவணங்கள் கொடுத்திருந்தால் உங்கள் பெயரில் கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கடன் அறிக்கையில் பாருங்கள். ஏதாவது செயலி நிறுவச் சொல்லியிருந்தால் அதை நீக்கி, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பிறகு சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தொகை சிறியதென்றாலும் கொடுங்கள். ஒரே கணக்கு எண்மேல் பல புகார் சேரும்போதுதான் அது பெரிய வழக்காகிறது.

சில வாரம் கழித்து "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் அழைப்பார். வழக்கறிஞர் என்பார், அதிகாரி என்பார், நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்று சரியாகச் சொல்வார். ஏமாந்தவர்களின் பட்டியலை விற்றவர்களிடமிருந்துதான் அந்தத் தொகை அவருக்குத் தெரியும். அவரும் முன்பணம்தான் கேட்பார்.

நீங்கள் வேறு யாரையாவது அழைத்துச் சேர்த்திருந்தால், இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் நாளைக்குக் கட்ட வைத்திருக்கும் பணமாவது மிஞ்சும்.